ஸ்கானில் மாற்றமில்லை, நடை மட்டும் ஏன் தளர்கிறது?

தம்பி, உங்கள் தங்கச்சி கற்பனை பண்ணவில்லை. முதலில் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். தங்கச்சிக்கு வயது 34. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கண் மங்கிப் போய், மல்ரிபிள் ஸ்கிளரோசிஸ், அதாவது எம்.எஸ்., என்று கண்டுபிடித்தார்கள். ஃபிங்கோலிமோட் குளிசை எடுக்கிறார். நாலு வருடமாக ஒரு அட்டாக்கும் இல்லை. கொழும்பில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கானில் புதிய புள்ளி ஒன்றும் இல்லை, 'ஸ்டேபிள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் முன்பு உப்புவெளி வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போய் வந்தவர், இப்போது பாதி வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நோய் நின்றுவிட்டதென்றால் நடை ஏன் தளர்கிறது, புதிதாக மருந்து வந்திருக்கிறதா, கனடா மாமா சொல்லும் ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் போகலாமா, அம்மா கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்க வைக்கச் சொல்கிறாரே அது சரியா? இவ்வளவும் உங்கள் கேள்விகள்.

நான் நரம்பியல் வைத்தியர் இல்லை. பிசியோதெரபிஸ்டாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன், இந்த நோயைப் பற்றி வரும் ஆய்வுகளை விடாமல் வாசிக்கிறவன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை.

ஒரு செருப்பைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை என்னிடம் வருவார். அவருக்கும் எம்.எஸ்.தான். ஒருநாள் ஸ்கான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், ஒரு மாற்றமும் இல்லையாம், எனக்குத்தான் மனசு சரியில்லைப் போல" என்றார். வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சித்திரை வருடப் பிறப்புக்கு வாங்கியது, மூன்று மாதம்கூட ஆகவில்லை. இடது செருப்பு புதிதுபோல இருந்தது. வலது செருப்பில் பெருவிரல் பக்கத்து முனை மட்டும் சாய்வாகத் தேய்ந்து, உள்ளேயிருந்த வெள்ளை ரப்பர் தெரிந்தது. ஒவ்வோர் அடியிலும் வலது பாதம் முழுதாகத் தூக்குப்படாமல் தரையில் உரசியிருக்கிறது. ஸ்கானுக்குத் தெரியாதது செருப்புக்குத் தெரிந்திருந்தது.

இதை அந்தக் காலத்தில் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. இப்போது முடியும்.

மூளையிலும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணானிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை இருக்கும் இழையில் சைகை இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகும். உறை உரிந்த இடத்தில் தவழ வேண்டும், சில இடங்களில் நின்றே விடும். எம்.எஸ். நோயில் நம்முடைய நிர்ப்பீடனக் கலங்களே, அதாவது நோயை எதிர்க்க வேண்டிய கலங்களே, இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து இந்த உறையைத் தின்கின்றன. அதுதான் அட்டாக். கண் மங்குவது, கால் மரப்பது, சிறுநீர் அடைப்பது எல்லாம் எந்த இடத்தில் உறை போனது என்பதைப் பொறுத்தது. 1868இல் பாரிசில் ஷார்கோ என்ற வைத்தியர் இந்தத் தழும்புகளை வைத்தே நோய்க்குப் பெயர் கொடுத்தார். வெகுகாலம் உறைதான் போகிறது, இழை தப்பிவிடுகிறது என்று நினைத்திருந்தார்கள். 1998இல் ட்ராப் என்பவரின் குழு, இறந்தவர்களின் மூளையைப் பார்த்து, தழும்புக்குள் இழைகளும் அறுந்து கிடப்பதைக் காட்டியது. அறுந்த இழை முளைப்பதில்லை.

முன்பு எங்களுக்குப் படிப்பித்தது இப்படி: முதலில் அட்டாக் வந்து வந்து போகும் கட்டம். பத்து இருபது வருடம் கழித்து, பலருக்கு, அட்டாக் இல்லாமல் மெல்ல மெல்ல இயலாமை கூடும் இரண்டாம் கட்டம். ஒரு கதையின் முதற்பாகம், இரண்டாம் பாகம் மாதிரி. இந்தப் பிரிவு பிழை என்பதுதான் கடந்த சில வருடங்களில் தெளிவான பெரிய விஷயம். இரண்டும் ஆரம்பத்திலிருந்தே கூடவே ஓடுகின்றன. அட்டாக் சத்தம் போடும், அதனால் கண்ணில் படும். மற்றது சத்தம் போடாது. ஓக்ரெலிசுமாப் மருந்தின் இரண்டு பெரிய பரிசோதனைகளின் தரவை 2020இல் திரும்ப ஆராய்ந்தபோது, அட்டாக் வகை எம்.எஸ். உள்ளவர்களில் யாருக்கு இயலாமை கூடியதோ, அவர்களில் பெரும்பாலானோருக்கு அது அட்டாக் இல்லாமலே கூடியிருந்தது. இளம் வயதுக்காரர்கள், நல்ல மருந்தில் இருந்தவர்கள். உங்கள் தங்கச்சி மாதிரி.

இதை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லை நாங்கள் 'நோயின் முன்னேற்றம்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அறிக்கையில் அப்படிப் படித்துவிட்டு மகள் தேறுகிறாள் என்று சந்தோஷப்பட்ட ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். 'நோய் முற்றுகிறது' என்று எங்கள் ஆச்சிமார் சொல்வதே சரியான சொல்.

சரி, சத்தமில்லாமல் முற்றுவது எப்படி? இதற்கும் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. பழைய தழும்புகள் சிலவற்றின் நடு அணைந்து போயிருக்கும், ஓரம் மட்டும் கனன்றுகொண்டிருக்கும். அந்த ஓரத்தில் மைக்ரோக்ளியா என்ற மூளையின் சொந்தக் காவல் கலங்கள் இரும்பை விழுங்கிக்கொண்டு கூட்டமாக நிற்கும். வருடக்கணக்கில் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். இந்த ஓரத்தைக் காட்டத் தனியான எம்.ஆர்.ஐ. முறை வேண்டும், சாதாரண ஸ்கானில் தெரியாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்சின்ராவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நாலு அல்லது அதற்கு மேற்பட்ட தழும்புகள் உள்ளவர்களுக்கு இயலாமை இளவயதிலேயே வந்திருந்தது. எம்.எஸ். கண்டறியும் மக்டொனால்ட் அளவுகோல்களின் 2024 திருத்தத்தில் இந்த இரும்பு ஓரமும் ஓர் அடையாளமாகச் சேர்ந்துவிட்டது.

மருந்தூசி போட்டு எடுக்கும் ஸ்கான் எதைக் காட்டும் தெரியுமா? இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு உடைந்து, புதிதாகக் கலங்கள் உள்ளே புகும் இடத்தை. கனலும் நெருப்போ அந்தத் தடுப்புக்கு உட்புறம் இருக்கிறது. மூளையைச் சுற்றிய சவ்வில் பி கலங்கள் என்ற ஒருவகை நிர்ப்பீடனக் கலங்கள் குடியேறி, அடியிலுள்ள சாம்பல் நிறப் பகுதியை அரிப்பதும் உட்புறத்தில்தான். ஆக 'ஸ்டேபிள்' என்ற சொல்லுக்கு 'வெளியிலிருந்து புதிதாக யாரும் உள்ளே வரவில்லை' என்று மட்டும் பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை, சொன்னதாக வைத்தியரும் நினைக்கவில்லை. எங்கள் காதில்தான் அது 'நோய் நின்றுவிட்டது' என்று விழுகிறது.

கூடவே ஒன்று. கால் நடையைத் தீர்மானிப்பதில் முண்ணானுக்குப் பெரிய பங்கு. ஆனால் பல நேரங்களில் தலையை மட்டும்தான் ஸ்கான் எடுப்பார்கள். தங்கச்சியின் கழுத்து, முதுகுப் பகுதி கடைசியாக எப்போது ஸ்கான் செய்யப்பட்டது என்று கோப்பை எடுத்துப் பாருங்கள். செய்யவே இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

கோப்பை எடுத்த கையோடு இன்னொன்றும் பாருங்கள். அக்வாபோரின்-4 பிறபொருளெதிரி என்ற இரத்தப் பரிசோதனை, முடிந்தால் மொக் (MOG) என்ற இன்னொரு பிறபொருளெதிரிப் பரிசோதனையும், செய்யப்பட்டிருக்கிறதா? நியூரோமையலைற்றிஸ் ஒப்டிகா என்று வேறொரு நோய் இருக்கிறது. அதுவும் கண்ணையும் முண்ணானையும்தான் பிடிக்கும். எம்.எஸ்.இன் ஒரு வகை என்றே முன்பு நினைத்தார்கள். 2004இல் மேயோ கிளினிக்கில் அதற்கே உரிய பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்த பிறகுதான் தனி நோய் என்று உறுதியானது. ஆசியாவில் எம்.எஸ்.ஓடு ஒப்பிட்டால் இதன் பங்கு ஐரோப்பாவைவிட அதிகம். ஃபிங்கோலிமோட், இன்டர்ஃபெரோன் போன்றவை இந்த நோயைக் கிளறிவிடக்கூடும். ஒன்பது வருடக் கதையைப் பார்த்தால் தங்கச்சிக்கு அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, என்றாலும் அந்தத் துண்டு கோப்பில் இருக்க வேண்டும்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மருந்துகளை விளங்கிக்கொள்ள அது வேண்டும். 2022இல் ஹார்வர்ட் குழு ஒன்று அமெரிக்கப் படையில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தது. படையில் இரத்த மாதிரிகளைச் சேமித்து வைப்பது வழக்கம். எம்.எஸ். வந்த 801 பேரின் மாதிரிகளைப் பார்த்தால், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அதற்கு முன்பே எப்ஸ்டீன்-பார் வைரசு தொற்றியிருந்தது. அந்த வைரசு தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காகியிருந்தது. வேறு வைரசுகளுக்கு இப்படி ஏறவில்லை. அதே வருடம் இன்னொரு குழு, இந்த வைரசின் ஒரு புரதமும் மூளையிலுள்ள கிளையல்காம் என்ற புரதமும் ஒரே சாயல் என்று காட்டியது. வைரசைப் பிடிக்கப் போன காவல்காரன் சாயலைப் பார்த்து வீட்டுக்காரனை அடிக்கிறான்.

உடனே ஓடிப்போய் வைரசுப் பரிசோதனை செய்ய வேண்டாம். வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரசு உடம்பில் இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் இருக்கும். அது ஒளிந்திருக்கும் இடம் பி கலம். பி கலங்களை அழிக்கும் மருந்துகள் எம்.எஸ்.இல் அவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

மரபணுப் பக்கத்திலும் அதே இரட்டை ஓட்டம் தெரிகிறது. எம்.எஸ். வரும் ஆபத்தோடு தொடர்புள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியும், அவற்றில் பெரும்பாலானவை நிர்ப்பீடனத்தோடு சம்பந்தப்பட்டவை. 2023இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கேள்வியை மாற்றிக் கேட்டது: யாருக்கு வரும் என்பதை விட்டுவிட்டு, வந்தவர்களில் யாருக்கு வேகமாக முற்றும்? கிடைத்த இடம் மூளைக் கலங்களோடு தொடர்புள்ள மரபணுக்களின் பக்கத்தில் இருந்தது. அந்த மாற்றத்தைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் நாள் ஏறக்குறைய நாலு வருடம் முந்தி வருகிறது. அந்த ஆய்வு ஐரோப்பிய வம்சத்தவரில் செய்யப்பட்டது, ஆகவே அதை வைத்து எங்கள் ஆட்களுக்குச் சாத்திரம் சொல்லக்கூடாது. ஆனால் நோய் வருவதும் முற்றுவதும் வேறு வேறு காரணங்களால் என்று அது தெளிவாகக் காட்டியது.

இனி மருந்து. 1993இல் முதல் இன்டர்ஃபெரோன் ஊசி வந்ததிலிருந்து இன்றைக்கு இருபதை ஒட்டிய மருந்துகள் வந்துவிட்டன. கிட்டத்தட்ட எல்லாமே அட்டாக்கை நிறுத்தும் மருந்துகள், அதில் அவை கெட்டிக்கார மருந்துகள்தான். தங்கச்சிக்கு நாலு வருடமாக அட்டாக் இல்லாதது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் முற்றுவதை அவை இலேசாகத்தான் தொடுகின்றன. ஆரம்பத்திலிருந்தே முற்றும் வகைக்கு 2017இல் அனுமதி பெற்ற முதல் மருந்து ஓக்ரெலிசுமாப். அது முற்றும் ஆபத்தைக் குறைத்தது நூற்றுக்கு 24. சிபோனிமோட், இரண்டாம் கட்ட எம்.எஸ்.இல், நூற்றுக்கு 21.

இப்போது எல்லோரும் பேசுவது டோலிபுரூட்டினிப் என்ற குளிசையைப் பற்றி. அது தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போய், உள்ளே கனலும் மைக்ரோக்ளியாவையும் பி கலங்களையும் அடக்கப் பார்க்கிறது. அட்டாக் நின்றுபோய் மெல்ல முற்றிக்கொண்டிருக்கும் 1,131 பேரில் செய்த பரிசோதனை 2025இல் வெளியானது. மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 30.7 பேருக்கு இயலாமை கூடியது, மருந்து எடுத்தவர்களில் 22.6 பேருக்கு. பத்திரிகைகள் 'ஆபத்து 31 வீதம் குறைவு' என்று எழுதின, அது சரிதான். ஆனால் உங்கள் வீட்டில் புரியும்படி சொன்னால், நூறு பேரில் எட்டுப் பேர் தப்பினார்கள். இழந்த நடை யாருக்கும் திரும்பி வந்ததாக இதற்கு அர்த்தம் இல்லை. சிலருக்கு ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும்.

எனக்கு இதில் ஆகச் சுவாரசியமானது வேறொன்று. இதே மருந்தை அட்டாக் வகையினரில் டெரிஃப்ளூனமைட் என்ற பழைய குளிசையோடு போட்டிக்கு விட்டார்கள். அட்டாக்கைக் குறைப்பதில் புதிய மருந்து பழையதை வெல்லவில்லை. அட்டாக்கில் தோற்ற மருந்து முற்றுவதில் பலன் காட்டியது. இரண்டும் இரண்டு வேறு ஓட்டம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் வெற்றியும் இல்லை. கொலஸ்ரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டாட்டின் எம்.எஸ். முற்றுவதைக் குறைக்கும் என்று ஒரு சிறு ஆய்வில் நம்பிக்கை தெரிந்தது. பிரித்தானியாவில் 964 பேரில் பெரிதாகச் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. மலிவான குளிசை, வேலை செய்திருந்தால் எங்கள் மாதிரி நாட்டுக்குப் பெரிய வரமாக இருந்திருக்கும். அந்த முடிவை வாசித்த அன்று உண்மையிலேயே கவலைப்பட்டேன். மலிவான பக்கத்தில் நல்ல செய்தி ஒன்று உண்டு: 2023இல் உலக சுகாதார நிறுவனம் ரிட்டுக்சிமாப், கிளாட்ரிபீன், கிளாட்டிரமர் மூன்றையும் எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்துகளாகப் பட்டியலில் சேர்த்தது. ரிட்டுக்சிமாப் பழைய பி கல மருந்து, விலை குறைந்த மாற்று வடிவங்களும் கிடைக்கின்றன. அதற்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கேட்டால் அவர் முதலில் ஹெபடைட்டிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகளும் தடுப்பூசி விபரமும் பார்ப்பார். ஒன்று மட்டும்: 'வேலை செய்யவில்லைத்தானே' என்று ஃபிங்கோலிமோட்டைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தியவர்கள் சிலருக்கு, அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துக் கடுமையான அட்டாக்காக வந்திருக்கிறது.

மாமாவின் ஸ்டெம் செல். இதில் இரண்டு சரக்கு ஒரே பெயரில் விற்கப்படுகிறது. ஒன்று உண்மையானது: கடும் கீமோ கொடுத்து நிர்ப்பீடனத் தொகுதியைத் துடைத்துவிட்டு, முன்பே எடுத்து வைத்த சொந்த ஸ்டெம் கலங்களால் புதிதாகக் கட்டுவது. மருந்துக்கு அடங்காமல் அட்டாக் வந்துகொண்டே இருக்கும் இளம் வயதினருக்கு அது பிரமாதமாக வேலை செய்யலாம், உயிராபத்தும் உண்டு. அட்டாக்கும் புதிய புள்ளியும் இல்லாதவருக்குத் துடைத்தெறிய அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றது, முதுகில் ஊசி போட்டு நரம்பை முளைக்க வைக்கிறோம் என்று பெரிய தொகை கேட்கும் வியாபாரம். நிரூபணம் இல்லை. காணியை விற்காதீர்கள்.

இப்போது செய்யக்கூடியவை. வீட்டு விறாந்தையில் 7 மீற்றர் 62 சென்ரிமீற்றர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். கிளினிக்குகளில் எம்.எஸ். நடையை அளக்கும் தூரம் அதுதான், 25 அடி. மாதம் ஒருதரம், காலை ஆறரைக்கு, அதே செருப்போடு, பத்திரமான அளவில் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடக்கச் சொல்லி, ஃபோனில் நேரம் பிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடி, அப்படியே நிலைத்தால் அது உண்மையான மாற்றம். "நடை தளர்ந்துபோச்சு டொக்டர்" என்பதைவிட, "போன கார்த்திகையில் ஆறு செக்கன், இப்போது எட்டு" என்றால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

திடீரென்று இரண்டு மூன்று நாளில் நடை மோசமானால் முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள். சிறுநீர்த் தொற்று அட்டாக் மாதிரியே வேஷம் போடும். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் வெளியே அனுப்புங்கள், புகை நோயை வேகப்படுத்துகிறது. பாதம் உரசுகிறதென்றால் கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்ரிக் தாங்கி உதவும். அதைப் போட வெட்கப்படுகிறார்கள், ஆனால் விழுந்து இடுப்பை உடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். களைப்பு வருமென்று உடற்பயிற்சியை விடக்கூடாது. வெயில் ஏற முதல், காற்று குளிர்ந்திருக்கும்போது கொஞ்ச நேரம் போதும்.

கடைசியாக அம்மாவின் கன்னியா. 1890இல் ஊத்தோஃப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர், எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பை வருத்தினால் பார்வை சற்று நேரம் மங்குவதை எழுதி வைத்தார். பிறகுதான் காரணம் சூடு என்று தெரிந்தது. உறை போன இழையில் சைகை மயிரிழையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பின் சூடு அரைப் பாகை ஏறினாலே சிலருக்கு அது நின்றுவிடும். ஸ்கான் இல்லாத காலத்தில் சந்தேகப்பட்டவர்களைச் சுடுநீர்த் தொட்டியில் இருத்தியே நோயைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊரில் ஆடி மாதக் கச்சான் காற்று அதே வேலையைத் தொட்டி இல்லாமல் செய்யும். தங்கச்சி மதிலைப் பிடித்து நின்ற நேரம் பின்னேரம் நாலு மணியா, காலை ஆறு மணியா என்று கவனியுங்கள். சூட்டால் வரும் தளர்வு உடம்பு குளிர்ந்ததும் போய்விடும், நரம்பை நிரந்தரமாகக் கெடுக்காது. காலையிலும் தளர்ந்தால் அது வேறு கணக்கு.

ஆகவே கன்னியாவில் ஏழு கிணறும் வாளி வாளியாகத் தலையில் ஊற்ற வேண்டாம். அதனால் நோய் கூடிவிடாது, ஆனால் அந்த இடத்திலேயே கால் சோர்ந்து விழக்கூடும். அம்மாவின் மனசுக்காகப் போகத்தான் வேண்டுமென்றால் விடியப் போங்கள், ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு, ஆகக் குறைந்த சூட்டில் கால் மட்டும் நனைக்கட்டும். கிணற்றடித் தரை எப்போதும் ஈரம், உரசும் காலின் பக்கம் நீங்கள் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கழற்றி வைத்த செருப்பையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், தாங்கி எந்த அளவில் வேண்டுமென்று சொல்கிறேன்.